கூட்டுக்கு யார் காவல்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்குனி பிறந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கூடு, முட்டை, குஞ்சு என்றே இருக்கின்றன. இம்முறை வந்தவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பறவைக்கு ஆதரவாகவும் இன்னொரு பறவைக்கு எதிராகவும் வழக்குத் தொடுக்கப்பட்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் வீட்டு அமைப்பிலும் நம் பழக்கத்திலும் எதை மாற்றினால் குஞ்சுகள் பிழைக்கும் என்பதைச் சொல்ல முடியும். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த சில கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் சென்ற ஆண்டு ஒரு மண்கலயத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். சிட்டுக்குருவிகள் வந்து புல்லும் பஞ்சும் சேர்த்தன. சில நாட்களில் இரண்டு மைனாக்கள் உள்ளே இருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு அதிலேயே குடியேறிவிட்டன. கீழே ஆத்தங்குடிக் கல்லில் மூன்று முட்டைகள் உடைந்து கிடந்தன. இந்த ஆண்டும் மைனாக்கள் அந்த இடத்தையே சுற்றுகின்றன. அவற்றை எப்படி விரட்டுவது? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: விரட்டும் வேலையில் இறங்காதீர்கள், வாசலைச் சுருக்கிவிடுங்கள். கலயத்தின் வாய் எவ்வளவு அகலம் என்று தாங்கள் எழுதவில்லை. ஆனால் மைனா தாராளமாகப் போய் வந்திருக்கிறது என்பதிலிருந்தே அது தெரிந்துவிடுகிறது. சிட்டுக்குருவி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள பறவை. மைனா 23 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். இந்த வேறுபாடுதான் நம் கையில் இருக்கும் பூட்டு. 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள வட்டத் துளையில் சிட்டுக்குருவி உடலைக் குறுக்கிக்கொண்டு நுழைந்துவிடும். மைனாவால் நுழைய முடியாது. ஆசாரியிடம் மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பது கடினம் என்றால் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைச் சுற்றி இரண்டரை மில்லிமீட்டர் தள்ளிக் கோடு கிழித்தால் நமக்கு வேண்டிய துளை கிடைத்துவிடும். கலயத்தையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அதன் வாயை மூடும் அளவுள்ள முற்றிய தேங்காய்ச் சிரட்டையில் இந்தத் துளையை இட்டு, சணல் கயிற்றால் வாயோடு சேர்த்து இறுகக் கட்டிவிடலாம்.

ஆனாலும் ஊஞ்சல்போல ஆடும் கலயத்தைவிடச் சுவரோடு சேர்த்து அடித்த மரப்பெட்டியே மேல் என்பது என் கருத்து. பெட்டி என்றால் துளையின் அடிவிளிம்பிலிருந்து பெட்டியின் தரை வரை 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். இந்த ஆழம் மைனாவுக்காகச் சொல்வதன்று, காக்கைக்காகச் சொல்வது. மைனாவைத் தடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கும்போது, காக்கை துளைக்குள் அலகை நுழைத்து எட்டிய குஞ்சைக் கவ்வி இழுத்துவிடும். முன்பலகைக்கு வெளியே அதே அளவுத் துளையுள்ள இன்னொரு தடித்த கட்டையை வைத்து அடித்தால் வாசல் ஒரு சிறு சுரங்கம்போல் நீண்டு, அலகு எட்டும் தூரம் இன்னும் குறையும். அணில் துளையைக் கடித்துப் பெரிதாக்கும் வீடுகளில், துளையைச் சுற்றி ஒரு தகரத் தகட்டையும் அடித்துவிட வேண்டும். விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்க மறக்கக்கூடாது.

துளைக்குக் கீழே குருவி உட்காருவதற்கென்று குச்சி வைக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வீட்டில் முதன்முதலாகப் பெட்டி வைத்தபோது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைச் செருகினேன். குஞ்சு பொரித்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். காலையில் ஒரு காக்கை அந்தக் குச்சியில் வந்து உட்கார்ந்தது. அவசரமே படவில்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் துளைக்குள் பார்த்தது. தாய்தான் இரை கொண்டுவந்திருக்கிறது என்று எண்ணி ஒரு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வந்தது. அடுத்த நொடியில் குச்சியும் காலி, வாசலும் காலி. நான் கையில் காப்பித் தம்ளரோடு முற்றத்தின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தேன். சிட்டுக்குருவியின் கால்கள் சொரசொரப்பான பலகையைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவை. அதற்கு நாற்காலி தேவையில்லை. அந்த நாற்காலி வேட்டைக்காரனுக்கே பயன்படும்.

பெட்டியைத் தாழ்வாரத்தின் உட்சுவரில், எட்டு முதல் பத்தடி உயரத்தில், கிழக்கோ வடக்கோ பார்த்து வையுங்கள். மேற்கு வெயில் நேரே விழும் பெட்டி நம் பக்கத்துச் சித்திரையில் அடுப்பாகிவிடும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் படாதபடி ஓட்டின் நீட்டம் மேலே இருக்க வேண்டும். மின்விசிறிக்கு அருகே வேண்டவே வேண்டாம். சிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ விரும்புபவை. ஒரே பெட்டி இருந்தால் ஆண்குருவிகள் தமக்குள்ளேயே சண்டையிட்டுக்கொண்டு காலத்தைக் கடத்தும். சில அடி இடைவெளியில் மூன்று பெட்டிகளாவது வைப்பது நல்லது. முட்டை பொரிக்க 10 முதல் 14 நாட்கள், குஞ்சு பறக்க மேலும் ஏறத்தாழ 15 நாட்கள் ஆகும். அந்த ஒரு மாதத்துக்குள் வெள்ளையடிப்பு, ஓடு மாற்றும் வேலை ஆகியவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மைனாவைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெளியிலிருந்து வந்த பறவை அன்று. நாகணவாய் என்ற பழம்பெயரோடு நம்மோடு இருப்பது. அதன் அறிவியல் பெயரின் முதற்பகுதிக்கே வெட்டுக்கிளி வேட்டையாடி என்று பொருள். அதனால் மரங்கொத்தி குடைந்த பொந்தும் பழைய சுவரின் ஓட்டையும் குறைந்துவரும் ஊரில் அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிடுங்கள். இரண்டரை அங்குலத் துளையுள்ள பெரிய பெட்டி ஒன்றை வீட்டின் பின்கட்டுக்கு வெளியே, குருவிப் பெட்டிகளுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மைனா இணை அங்கே குடியேறினால் மற்ற மைனாக்களை அதுவே அண்டவிடாது.

கேள்வி: நாள்தோறும் காக்கைக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடும் வழக்கம் உள்ளவள் நான். கிணற்றடி மருதாணிச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. நான் சோறு வைத்து வளர்த்த அதே காக்கைகள் மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. இனிச் சோறு வைப்பதை நிறுத்திவிடவா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: ஆச்சி, நிறுத்த வேண்டியதில்லை, இடத்தையும் அளவையும் மாற்றுங்கள். தாங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் வரைந்திருந்த படத்தைப் பார்த்தேன். சோறு வைக்கும் துவைகல்லுக்கும் மருதாணிச் செடிக்கும் இடையே நாலு எட்டுத்தான் இருக்கும்போலத் தெரிகிறது. காக்கைகள் சோற்றுக்காக வந்து, தாங்கள் வரும் வரை காத்திருக்கும் நேரத்தில், அந்தச் செடிக்குள் ஒரு குருவி வாயில் புழுவோடு போவதையும் வெறும் வாயோடு வருவதையும் கவனித்திருக்கும். சோறு வைத்ததால் காக்கை குஞ்சைத் தின்னவில்லை. சோறு வைத்த இடம்தான் குஞ்சைக் காட்டிக்கொடுத்தது.

இனிமேல் வீட்டின் முகப்புப் பக்கம், தெருவை ஒட்டிய மதில்மேல் வையுங்கள். ஒரு பிடி போதும். வைத்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் அளவே சரியான அளவு. மிஞ்சிக் கிடக்கும் சோறு காக்கைகளை நாள் முழுதும் வீட்டைச் சுற்றியே நிறுத்திவைக்கும். மீனும் கோழியும் கழுவிய கழிவைக் கிணற்றடியில் கொட்டும் வழக்கம் இருந்தால் அதையும் குழி தோண்டிப் புதைத்துவிடச் சொல்லுங்கள். கறிக்கழிவு சோற்றைவிடப் பல மடங்கு காக்கைகளை இழுக்கும்.

அடுத்தது, நம்முடைய கண். கூட்டைப் பார்க்கும் ஆசையில் ஒரு நாளில் ஐந்தாறு முறை கிளையை விலக்கி எட்டிப்பார்க்கிறோம். காக்கை மனிதரைக் கூர்ந்து கவனிக்கும் பறவை. நாம் எங்கே அடிக்கடி நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியும். விலக்கிய கிளையும் முன்போல் மூடிக்கொள்வதில்லை. கூடு இருப்பது தெரிந்த பிறகு அந்தப் பக்கம் வழக்கமான வேலைக்கு மட்டும் போய்வாருங்கள். கூட்டைச் சுற்றி வலை கட்டுவதும் வேண்டாம். தாய்ப்பறவை மிரண்டு கூட்டையே விட்டுவிடக்கூடும். செடியை வெட்டி ஒழுங்கு செய்வதாக இருந்தால், கூடு கட்டும் காலம் முடிந்த பிறகு செய்யுங்கள். எலுமிச்சை, இலந்தை, காகிதப்பூ போன்ற முள்ளும் அடர்த்தியும் உள்ளவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்து வளர்த்தால் காக்கையின் அகன்ற சிறகுக்கு உள்ளே இடம் இருக்காது. ஆனால் தரையோடு நடந்துவந்து புதருக்குள் ஏறும் செம்போத்துக்கும், கிளைவிட்டுக் கிளை தாவித் தேடும் வால்காக்கைக்கும் முள் ஒரு பெரிய தடை அன்று. அவையும் முட்டையும் குஞ்சும் தின்பவைதாம்.

இயற்கையே வைத்த காவல்காரன் ஒருவன் உண்டு: கரிச்சான், இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். தன் கூடு இருக்கும் மரத்தின் அருகே காக்கையோ பருந்தோ வந்தால், தன்னைவிடப் பல மடங்கு பெரிய அந்தப் பறவையின் முதுகில் பாய்ந்து கொத்தி விரட்டும். இந்தக் காவலை நம்பிப் புறாவும் கொண்டைக்குருவியும் அதே மரத்தில் கூடு கட்டுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கொல்லையில் ஓங்கிய வேம்போ வாகையோ இருந்தால் தயவுசெய்து அதை வெட்டிவிடாதீர்கள்.

கொண்டைக்குருவி ஒரு ஈடு குஞ்சு போனால் அடுத்த ஈட்டுக்கு முயலும் பறவை. திறந்த கிண்ணம்போலக் கூடு கட்டும் பறவைகளுக்கு இழப்பு மிகுதி. அதனாலேயே அவை மீண்டும் மீண்டும் கட்டுகின்றன. தங்கள் வீட்டில் அது இன்னொரு கூடு கட்டத் தொடங்கியிருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: மாடியில் குருணை இறைத்துக் குருவிகளுக்கு உணவளிக்கிறேன். ஒரு வல்லூறு தினமும் வந்து ஒன்றைத் தூக்கிச் செல்கிறது. பளபளக்கும் குறுந்தகடுகளைத் தொங்கவிட்டேன். இரண்டு நாள் பயந்தது, மூன்றாம் நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தது. உண்டிவில்லால் அடித்தால் குற்றமா? (வாசகர், புதுவயல்)

பதில்: குற்றம்தான். வல்லூறு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பறவை. அதன் இரையில் ஓணானும் எலியும் பெரும்பங்கு. தாங்கள் மொட்டைமாடியில் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒளிய ஒரு செடிகூட இல்லாத இடத்தில் முப்பது நாற்பது குருவிகளைக் கூட்டி வைத்திருக்கிறீர்கள். பந்தி போட்டது தாங்கள், அது வந்து உட்கார்ந்தது. இரண்டு வாரம் குருணை இறைப்பதை நிறுத்துங்கள். குருவிகள் கலைந்துவிடும், வல்லூறும் வேறிடம் பார்க்கும். பிறகு தொடங்கும்போது கீழே, அடர்ந்த செடியிலிருந்து பத்தடிக்குள் இறையுங்கள். வல்லூறு மறைந்திருந்து ஒரே பாய்ச்சலில் பிடிக்கும் பறவை. அந்தப் பாய்ச்சல் தவறினால் பெரும்பாலும் திரும்பிவிடும். குருவிக்கு ஓடி ஒளிய இரண்டு நொடி கிடைத்தால் போதும். இன்னொன்று: குஞ்சுகளுக்கு முதல் சில நாட்கள் புழுவும் பூச்சியுமே உணவு. குருணையைவிட மருந்தடிக்காத தோட்டமே கூட்டுக்குப் பெரிய உதவி.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். தேவகோட்டையில் உள்ள பூர்வீக வீட்டுக்கு ஆண்டில் இரண்டு முறை படைப்புக்கும் திருவிழாவுக்கும் வருவோம். வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி அடித்திருந்தும் மாடப்புறாக்கள் அதன் வழியே இறங்கி, உத்தரம் முழுக்க எச்சமாக்கிவிட்டன. முன்பு இருந்த குருவிகளைக் காணவில்லை. புறாவை மட்டும் தடுக்க வழி உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: உண்டு, இதுவும் அளவு பற்றிய செய்திதான். கம்பிகளுக்கு இடையே உள்ள சந்து திருடனையும் குரங்கையும் நினைத்து வைத்தது. புறாவை நினைத்து வைத்ததன்று. புறாவைத் தடுப்பதற்கென்று 50 மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் வலை விற்கிறார்கள். அதில் புறாவும் காக்கையும் நுழையா, சிட்டுக்குருவி நுழைந்துவிடும். கடைக்காரர் இன்னும் நெருக்கமான வலையைக் காட்டி, இதுவே நல்லது என்பார். வாங்கிவிடாதீர்கள். 20 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை குருவியையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிடும்.

வலையைக் கம்பியோடு சேர்த்து முரசுத்தோல்போல இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் பறவையின் காலும் சிறகும் சிக்கிக்கொள்ளும். பூட்டிய வீட்டில் அதை விடுவிக்க ஆளிருக்காது. கட்டுவதற்கு முன் உத்தரத்திலும் தூண் தலைப்பிலும் புறாமுட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். இருந்தால் அவை பறக்கும் வரை காத்திருங்கள். மச்சு அறைகளின் காற்றுச் சாளரங்களுக்கும் இதே வலை போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மைனாவும் இந்த வலையில் நுழைந்துவிடும். ஆகவே உள்ளே வைக்கும் குருவிப் பெட்டிக்கும், முன்பு கானாடுகாத்தான் வாசகிக்குச் சொன்ன துளை அளவுதான். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், ஆண்டுக்கு ஒருமுறை கூடுகட்டும் காலம் ஓய்ந்த பிறகு பழைய புல்லை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தட்டிக் காயவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறாள். நீலப்பறவைகளுக்காகத் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கிறாள். அங்குள்ளவர்கள், சிட்டுக்குருவி அதில் கூடு கட்டினால் கலைத்துவிடு என்கிறார்களாம். சிட்டுக்குருவியின் கூட்டைக் கலைப்பது பாவம் என்று சொல்லி வளர்த்த பெண். தொலைபேசியில் அழுகிறாள். என்ன சொல்வது? (வாசகர், காரைக்குடி)

பதில்: தங்கள் மகளின் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அங்குள்ளவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் சிட்டுக்குருவி உள்ளூர்ப் பறவை அன்று. 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் மனிதர்கள் கொண்டுபோய் விட்டது. 1890இல் அதே நகரின் சென்ட்ரல் பார்க்கில் ஏறத்தாழ 60 ஸ்டார்லிங் பறவைகளை விட்டார்கள். ஸ்டார்லிங் நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுமே பொந்தில் கூடு கட்டுபவை. இரண்டுமே கண்டம் முழுக்கப் பரவிவிட்டன. நீலப்பறவைக்கோ தானே பொந்து குடையும் அலகு கிடையாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தை நம்பி வாழ்ந்த அதற்குப் போட்டியாளர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள். சிட்டுக்குருவி அங்கே நீலப்பறவையின் முட்டையைக் குத்தி உடைப்பதோடு நிற்பதில்லை. பெட்டிக்குள் அடைகாக்கும் தாயையே கொத்திக் கொன்று, அதன் உடலின் மேலேயே தன் கூட்டைக் கட்டிவிடுவதும் உண்டு. நம் தாழ்வாரத்தில் மைனாவிடம் அடிவாங்கும் அதே குருவிதான். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அங்குள்ள உள்ளூர்ப் பறவைகளைக் காக்கிறது. சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தக் காப்பு இல்லை.

செய்முறைக்கு வருவோம். ஒன்றரை அங்குலத் துளை ஸ்டார்லிங்கைத் தடுத்துவிடும், ஆனால் சிட்டுக்குருவியைத் தடுக்காது. அது நீலப்பறவையைவிடச் சிறியது என்பதால் துளையைச் சுருக்கியும் பயனில்லை. இங்கே நமக்கு உதவிய பூட்டு அங்கே உதவாது. ஆகவே வேறு வழிகள் வேண்டும். பெட்டியை வீடு, கொட்டகை, தானியம் இறைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து விலக்கி, திறந்த புல்வெளியில் கம்பம் நட்டு வைக்க வேண்டும். சிட்டுக்குருவி மனிதரை அண்டியே கூடு கட்டும். நீலப்பறவை முதல் முட்டை இட்ட பிறகு, பெட்டியின் கூரைக்கு மேலே ஒரு சட்டம் அமைத்து, காற்றில் ஆடும் பளபளப்பான நாடாக்களை வாசலுக்குச் சற்று மேல் வரை தொங்கவிடுகிறார்கள். முட்டை இட்டுவிட்ட தாய் அதைப் பொறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்; புதிதாக இடம் தேடி வரும் ஆண்சிட்டு மிரண்டு விலகும். முட்டைக்கு முன்பே தொங்கவிட்டால் இரண்டுமே வராது. குஞ்சுகள் பறந்ததும் கழற்றிவிட வேண்டும். எப்போதும் தொங்கினால் சிட்டு பழகிவிடும். குருணை வாசகரின் குறுந்தகடு மூன்றாம் நாள் பயனற்றுப் போனதும் இதனால்தான்.

மரத்தகைவிலான் என்ற இன்னொரு பறவையும் அங்கே அதே பெட்டிக்குப் போட்டியிடும். அது உள்ளூர்ப் பறவை, சட்டத்தின் காப்பு உடையது. அதன் கூட்டைத் தொடக்கூடாது. அதற்கு 15 முதல் 20 அடி தள்ளி இன்னொரு பெட்டி வைத்தால் போதும். தகைவிலான் தன் இனத்தில் இன்னோர் இணையை அவ்வளவு அருகில் விடாது, நீலப்பறவையை விட்டுவிடும். இரண்டு வீடும் நிரம்பிவிடும். கவ்பேர்ட் என்னும் பறவை நம் குயில்போல மற்றக் கூடுகளில் முட்டையிடுவது. அதன் முட்டையையும் அனுமதியின்றி எடுக்கக்கூடாது, ஏனெனில் அதுவும் உள்ளூர்ப் பறவையே.

கூட்டைக் கலைப்பது பற்றிக் கேட்டீர்கள். சிட்டுக்குருவி முதல் புல்லைக் கொண்டுவந்த அன்றே எடுத்துவிட்டால், முட்டையும் குஞ்சும் ஆன பிறகு மனம் பதைக்க வேண்டிய நிலை வராது. தினம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மனம் வரவில்லை என்றால் பெட்டியையே கழற்றிவிடுவது நல்லது. கவனிக்க ஆளில்லாத பெட்டி அங்கே சிட்டுக்குருவியைத்தான் வளர்க்கும். அங்கே பொருந்தும் இந்த அறிவுரையை இங்கே யாரும் பின்பற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள், அட்டவணையில் உள்ள பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறது. மைனாவைப் பொறிவைத்துப் பிடிக்கச் சொல்லும் ஆஸ்திரேலியக் குறிப்புகளும் இப்படித்தான்: 1862இல் மெல்போர்னுக்குப் பூச்சியைத் தின்பதற்கென்று கொண்டுபோன பறவை அங்கே தொல்லையாகிவிட்டது. இங்கே அது வீட்டுக்காரப் பறவை.

கேள்வி: எங்கள் வேப்பமரத்துக் காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு இருக்கிறது. காக்கை தெரிந்துகொண்டு கொன்றுவிடும் முன் எடுத்து வளர்க்கலாமா? (மாணவி, ஆத்தங்குடி)

பதில்: வேண்டாம். காக்கை முட்டை பொரிய 16, 17 நாட்கள் ஆகும். குயில் முட்டை 12 முதல் 14 நாட்களில் பொரிந்துவிடும். முந்திப் பிறந்த அந்தக் குஞ்சு இரையை முந்தி வாங்கி வளர்ந்து, காக்கையாலேயே ஊட்டப்பட்டுப் பறந்துவிடும். நீ எடுத்தால்தான் அதற்கு ஆபத்து. ஒரு காக்கைக் குடும்பம் குயில் குஞ்சை வளர்ப்பதில் மும்முரமாக இருந்தால் அந்தப் பருவத்தில் காக்கைக் குஞ்சுகள் குறையும். அதனால் கொண்டைக்குருவிக்கு ஒரு மறைமுக நன்மையும் உண்டு.

கேள்வி: கிணற்று மோட்டாரின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டிருக்கிறது. மின்பணியாளர் அதை எடுத்துப் பத்தடி தள்ளி மரத்தில் வைத்துவிடலாம் என்கிறார். தாய் கண்டுபிடித்து வருமா? (வாசகர், நாட்டரசன்கோட்டை)

பதில்: தாய்க்கு முன்பே காக்கை கண்டுபிடித்துவிடும். அந்தக் குருவி இரும்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததே காக்கையின் அலகு எட்டாது என்பதால்தான். ஒரு மாதம் அந்த மோட்டாரை விட்டுவிட்டு வேறு ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா என்று பாருங்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, பொத்தக்குடி என்னும் சிற்றூரில், 2020ஆம் ஆண்டு தெருவிளக்குகளுக்கான சுவிட்சுப் பெட்டியில் ஒரு சிறு குருவி கூடு கட்டியது. ஊர்மக்கள் கூடிப் பேசி, குஞ்சுகள் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இருக்கும் மாவட்டம் இது. தங்கள் மின்பணியாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவரும் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

கேள்வி: கோயில் மண்டபத்தில் உழவாரக் குருவிகள் ஒட்டிய கூடுகளைச் சிட்டுக்குருவிகள் பிடித்துக்கொள்கின்றன. யார் பக்கம் நிற்பது? (வாசகர், இளையாத்தங்குடி)

பதில்: யார் பக்கமும் நிற்க வேண்டாம். சிட்டுகளுக்கு மண்டபத்துக்கு வெளியே நாலு பெட்டி வைத்துவிடுங்கள். மண்டபத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் உழவாரன்களின் கூடுகளை ஒட்டடைக்கோலால் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால், பாதி இழப்பு அதிலேயே நின்றுவிடும்.

கேள்வி: பட்டாசாலையில் மாட்டியிருக்கும் பழைய பெல்ஜியம் கண்ணாடியோடு ஓர் ஆண்குருவி காலை முதல் மாலை வரை சண்டையிடுகிறது. அலகிலிருந்து இரத்தம்கூட வந்துவிட்டது. அதற்கு ஏதாவது நோயா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: நோய் ஒன்றும் இல்லை. பக்கத்தில் எங்கோ அதன் கூடு இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைத் தன் இடத்தைப் பிடிக்க வந்த இன்னோர் ஆண்குருவி என்று எண்ணிக்கொள்கிறது. எதிரி தோற்று ஓடுவதே இல்லை என்பதால் இதுவும் ஓய்வதில்லை. அந்த நேரத்தில் பெண்குருவி தனியாக இரை தேடிக் களைத்துப்போகும். காவலில்லாத கூட்டுக்கு மைனாவும் வரும். பளபளப்பை மறைக்காத மெல்லிய துணி போதாது. கெட்டிக் கண்டாங்கிச் சேலை ஒன்றை நாலாக மடித்துக் கண்ணாடியின் மேலிருந்து கீழ்வரை தொங்கவிடுங்கள். முற்றத்தில் நிறுத்தும் வண்டியின் பக்கக் கண்ணாடிகளுக்கும் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள். ஓரிரு நாள் அது துணிக்கு முன்னால் உட்கார்ந்து தேடும், பிறகு கூட்டுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் பறந்த பிறகு சேலையை எடுத்துக்கொள்ளலாம்.